பிரியாணிக்கு ஆகாத கல்பாசி

நின்றபடி விளக்கம் சொல்லிப் பிழைக்கும் வேலையில் கால் வலி பெரிய விஷயமில்லை. நாம் வாயைத் திறக்கும் நேரத்தில் எதிரே நிற்பவர் கைப்பேசியை எடுப்பார் பாருங்கள், அதுதான் வலி. அருங்காட்சியகம், மீன் காட்சியகம், மிருகக் காட்சிசாலை என்று எங்கே நிற்பவராக இருந்தாலும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

நான் நிற்பது துபாயில் ஓர் அறிவியல் காட்சிக்கூடத்தின் துருவ அரங்கில். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே வருகிறவர்கள் பற்கள் கிட்டிப்போய் நடுங்க வேண்டும் என்பதுதான் அரங்கின் நோக்கம். பனிக்கரடி ஃபைபர். பெங்குவின்கள் ரப்பர். பனிப்பாறை தெர்மோகோல். அத்தனைக்கும் நடுவில் உயிருள்ளது ஒன்றே ஒன்று: வடதுருவப் பக்கத்திலிருந்து முறையான அனுமதியோடு கொண்டுவந்த ஒரு கல். குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன்மேல் இலை இலையாகவும் தோல் தோலாகவும் படர்ந்திருப்பது லைக்கன். அதற்கு விளக்கம் சொல்லத்தான் தாவரவியல் படித்த என்னை எடுத்தார்கள்.

சேர்ந்த புதிதிலேயே மேலாளர் நபீல் சார், லெபனான்காரர், ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். கோடை முடிவதற்குள் ஜனங்கள் அந்தக் கல் முன்னால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கல் போய்விடும். அந்த இடத்தில் பொத்தானை அழுத்தினால் ஒளிரும் பிளாஸ்டிக் பாறை வரும். பிளாஸ்டிக் பாறைக்கு விளக்கம் சொல்ல ஆள் வேண்டாம். ஆகவே அன்றிலிருந்து அந்தக் கல்லின் உடல்நிலைதான் என் உடல்நிலை.

அம்மாவுக்குச் சொன்ன விளக்கம்

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பரமக்குடியில் அப்பா லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறார். துபாயில் வேலை கிடைத்ததும் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு "சயின்ஸ்ல பெரிய வேலை" என்றாராம். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. வீடியோ காலில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் மதிய இடைவேளையில் கைப்பேசியைக் கண்ணாடிப் பெட்டிக்கு நேராகப் பிடித்து, இதைப் பற்றித்தான் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்கிறேன் என்று காட்டினேன்.

அம்மா திரைக்குள் முகத்தை நுழைப்பதுபோல் கிட்டே வந்து பார்த்தார். ஷார்ஜா ரோலாவில் நான்கு பேர் தங்கும் அறை, தினமும் போக வர இரண்டு பஸ், இரண்டு ஸ்வெட்டர், இவ்வளவுக்குப் பின்னால் இருப்பது எதுவென்று கண்டுபிடிக்கிற பார்வை அது. கடைசியில் சொன்னார்:

"ஏண்டி, இது நம்ம தண்ணித் தொட்டியிலயே கெடக்கே. இதத் தேய்ச்சுக் கழுவச் சொன்னாத்தானே நீ ஓடிப்போவ?"

பெரும்பாலும் மேடம்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் அடித்துச் சொல்ல வராது. "லைக்கன் பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும்", "பெரும்பாலான இனங்களில் இப்படி", "சில இடங்களில் வேறு மாதிரியும் இருக்கலாம்." பரீட்சையில் தவறாக எழுதிவிட்டால் சரிபார்த்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லாமல் வளர்ந்தவள். நிச்சயமாகத் தெரியாததைச் சொன்னால் நாக்கு உலர்ந்துவிடும்.

எங்கள் அரங்கின் சூப்பர்வைசர் ரஞ்சன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். பனிக்கரடிப் பக்கம் நின்றால் கூட்டத்தை அப்படியே கட்டிப்போடுவார். என் பேச்சை ஒரு வாரம் கேட்டுவிட்டு எனக்கு "பெரும்பாலும் மேடம்" என்று பெயர் வைத்தார். காவலாளி முதல் குளிர்சாதனம் பார்க்கும் இக்பால் பாய் வரை அந்தப் பெயர் பரவிவிட்டது. பெஷாவர்க்காரரான இக்பால் பாய்க்கு அதன் அர்த்தம் தெரியாது. தெரியாமலே, "குட்மார்னிங் பெரும்பாலும்" என்பார்.

ஒருநாள் அண்ணை அக்கறையாகவே சொன்னார். கூட்டம் நிற்க வேண்டுமென்றால் இந்தக் கல்லுக்கு ஆயிரம் வயது என்று சொல்லிவிடு, யார் பிறப்புச் சான்றிதழ் கேட்கப் போகிறார்கள் என்றார். அத்தனை வயதுள்ளவை சில இருக்கலாம், இதன் வயது எனக்குத் தெரியாதே அண்ணை என்றேன். அவர் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளை, உம்மட கலியாணத்திலயும் ஐயர் கேட்கேக்க 'பெரும்பாலும் சம்மதம்' எண்டுதான் சொல்லுவீர் போல."

இங்கே கஃபீல் யார்?

வெள்ளிக்கிழமைகளில் ரோலா கடைகளில் வேலை செய்யும் பையன்கள் கூட்டமாக வருவார்கள். அப்படி வந்த தொண்டிக்காரர்கள் ஐந்து பேர், நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் நின்றுவிட்டார்கள். கல்லுக்காக நிற்கவில்லை, தமிழுக்காக நின்றார்கள். இருந்தாலும் நின்றது நின்றதுதான், விடாமல் ஆரம்பித்தேன்.

"லைக்கன் என்பது ஒரு செடி இல்லை. இரண்டு உயிர்கள் சேர்ந்து நடத்தும் குடித்தனம். ஒன்று பூஞ்சை. அது சுவரும் கூரையும் மாதிரி. கல்லைப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தைச் சேர்த்துவைக்கும், கடுமையான வெயில் உள்ளே போகாமல் மறைக்கும். இன்னொன்று அதற்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசி. வெளிச்சத்தை வைத்துச் சமைப்பது அதுதான். அந்தச் சாப்பாட்டில் பெரும்பகுதியைப் பூஞ்சை எடுத்துக்கொள்ளும்."

"அட, நம்ம ரூம் கதைடா" என்றான் ஒருவன். "எடம் ஒருத்தன் குடுக்குறான், சமைக்கிறது ஒருத்தன்."

"ரூம் இல்லடா, இது விசா கதை. பூஞ்சைதான் கஃபீல், விசா குடுத்து பாஸ்போர்ட்ட வெச்சுக்குற மொதலாளி" என்றான் இன்னொருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். ஓரமாக நின்றிருந்த, மொபைல் கடைக்காரர் என்று அறிமுகமான மூத்தவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "பிரிச்சு விட்டா யாரு பொழைப்பா?"

நல்ல கேள்வி. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். பாசிகளில் சில தனியாகவும் வாழக்கூடியவை. பூஞ்சைக்குத்தான் பெரும்பாலும் பாசி இல்லாமல் இயற்கையில் பிழைப்பு இல்லை. ஆனால் பூஞ்சை வீடு இல்லாமல், இந்தக் குளிரில், வெறும் கல்லின்மேல் அந்தப் பாசி இருந்திருக்கவே முடியாது. யார் யாரை வைத்திருக்கிறார்கள் என்று விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. அவர் கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார்.

"அப்ப பாஸ்போர்ட்டு யாரு கையில இருக்குன்னு இதுங்களுக்கே தெரியாது. அதான் சண்டையில்லாம கெடக்குதுங்க."

வாசனை வரவில்லை

காலையில் அரங்கு திறப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து கல்லுக்கு லேசாகத் தண்ணீர் தெளிப்பேன். காய்ந்தால் லைக்கன் சாம்பல் நிறமாகச் சுருண்டுவிடும். அதைப் பார்த்துச் செத்துப்போனது என்று யாராவது நபீல் சாரிடம் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அதனால் எப்போதும் ஈரமாக, பச்சைப்பசேல் என்றே வைத்திருந்தேன். அப்படி ஒரு காலை, நேரத்துக்கு முன்பே உள்ளே விட்டுவிட்ட பள்ளிக்கூடக் கூட்டத்தோடு வந்திருந்த அம்மாமார்களில் ஒருவர் திறந்திருந்த பெட்டி அருகே வந்தார். கீழக்கரைக்காரர், ஷார்ஜாவில் வீட்டிலிருந்தே கல்யாண விருந்துகளுக்குப் பிரியாணி செய்து கொடுப்பவர். ஊர்ப் பேரைச் சொன்னதும் எங்கள் மாவட்டம் என்று நான் பூரித்துப்போய் நின்ற அந்த நொடியில், அவர் கையை உள்ளே விட்டு ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கிள்ளிவிட்டார்.

காவலாளி விசில் ஊதினார். அந்த அக்காவோ எதுவும் நடக்காததுபோல் துண்டை உள்ளங்கையில் வைத்துக் கசக்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிரியாணிக்கும் குழம்புக்கும் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான் என்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். அவர் ஊரிலே கல்பாசியைக் கிள்ளி முகர்ந்து பார்க்காமல் வாங்குகிறவர் உண்டா? "அக்கா, இது குடும்பம் ஒன்றானாலும் இனம் வேறு, சாப்பிடக் கூடாது" என்று கெஞ்சினேன். துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் சரக்கைத் திருப்பித் தருவதுபோல் என் கையில் வைத்தார். அதை ஒரு காகிதத்தில் மடித்து மேசையில் பத்திரப்படுத்தினேன். போகும்போது ஆறுதலும் சொன்னார்:

"இதுக்குப் போயி ஏசியும் கண்ணாடிப் பொட்டியுமா? ரோலாவுல எங்க மாமா கடையில கிலோக்கணக்குல கெடக்கு, வாசனையோட."

முதலில் வந்தவர்கள்

கல்லுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம் உண்டு. பனியாறு உருகிப் பின்வாங்கிய இடம் முதலில் வெறும் பாறை. பிறகு அதன்மேல் லைக்கன் திட்டுகள். பிறகு இடுக்குகளில் மாஸ் என்கிற பச்சை மெத்தைப் பாசி. தூசும் மட்கும் சேர்ந்து கொஞ்சம் மண் ஆனபின் புல், சிறு பூச்செடி. கடைசியில் முழங்கால் உயரப் புதர். எல்லா இடத்திலும் இதே வரிசையில் நடக்காது, துருவத்தை நெருங்க நெருங்கக் குளிர் தாங்காமல் லைக்கனோடேயே நின்றுவிடுவதும் உண்டு என்று நான் சேர்த்துச் சொல்வேன். அதற்குள் பாதிப் பேர் பெங்குவினிடம் போயிருப்பார்கள்.

ருவைஸிலிருந்து வந்த ஒருவர் மட்டும் போகவில்லை. அங்கே எண்ணெய் ஆலையில் ஃபோர்மேன், நாகப்பட்டினத்துக்காரர். கூட வந்த மகன், "அப்பா, கம் ஆன், போலார் பேர்!" என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவர் படத்தையே பார்த்தபடி பேசினார். "நாங்க வந்தப்ப கேம்ப்பச் சுத்தி ஒரு மரம் கெடையாதும்மா. மண்ணுக் காத்துதான். இப்ப ஸ்கூலு, பார்க்கு, சூப்பர் மார்க்கெட்டு." பிறகு புதர் இருந்த கடைசிக் கட்டத்தைக் காட்டி, "இதெல்லாம் வந்த பின்னால அந்த மொத ஆளு என்ன ஆவான்?" என்றார்.

இனிப்பாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "புதர் நிழல் விழுந்த இடத்தில் லைக்கன் பெரும்பாலும் குறைந்துவிடும் சார். எங்கே இன்னும் வெறும் பாறை இருக்கிறதோ அங்கே இருக்கும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை. கணக்குச் சரியாக வந்துவிட்டதுபோல் ஒரு முகம். மகனை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அப்ப எங்கள மாதிரி அந்த மொத ஆளுக்கும் அறுவது வயசானா விசா முடிஞ்சிடும்னு சொல்லுங்க."

ஐஸ் வேண்டாம்

ஆகஸ்டில், கோடை முடிய இன்னும் கொஞ்ச நாளே இருக்கும்போது, ஒரு நண்பகலில் அரங்கைக் குளிரவைக்கும் பிரதான சில்லர் நின்றுபோனது. விளக்கு எரிகிறது, மின்விசிறி ஓடுகிறது, குளிர் மட்டும் இல்லை. பார்வையாளர்களை வெளியே அனுப்பினார்கள். தெர்மோகோல் பனிப்பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரப்பர் பெங்குவின்களும் சுகமாக இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் நீராவி படிந்து, வெப்பமானி முள் ஏறிக்கொண்டே போனது. உதிரிப்பாகம் அபுதாபியிலிருந்து வர வேண்டும், இன்று நடக்காது என்றார் இக்பால் பாய்.

எல்லாரும் கல்லுக்காக ஓடினார்கள். அதை இன்று நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. ரஞ்சன் அண்ணை கீழே ஜூஸ் கடையிலிருந்து இரண்டு வாளி ஐஸ் கொண்டுவந்தார். காவலாளி குளிர்ந்த தண்ணீர் பாட்டில்களோடு வந்தார். "ஜல்தி, ஜல்தி, பானி டாலோ!" என்று தண்ணீர் ஊற்றச் சொல்லி அவசரப்படுத்தியபடி இக்பால் பாய் பெட்டிக் கதவைத் திறந்துவிட்டார். நான் குறுக்கே நின்று கையை விரித்தேன்.

லைக்கனைப் பற்றி நான் படித்ததில் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. ஈரமாக இருக்கும்போது அது விழித்திருக்கிறது. அப்போது சூடு பட்டால் வெந்துவிடும். காய்ந்துவிட்டால் மூச்சை அடக்கித் தூங்கிப்போகும். அந்த நிலையில் கடுங்குளிரையும் தாங்கும், நாம் நினைப்பதைவிட அதிகச் சூட்டையும் தாங்கும். ஐஸ் கொஞ்ச நேரம்தான். அது உருகிய பின் கல் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடக்கும். காலையில் ஆசையாக நான் தெளித்த ஈரமே போதும் அதைக் கொல்ல. அதனால், காப்பாற்ற வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உடனே காயவைக்க வேண்டும்.

படித்தது சரி. இந்தக் கல்லுக்கு அது பொருந்துமா? கேட்க ஆளில்லை. தவறென்றால் கல்லைக் கொன்றவள் நான்தான், அதுவும் இத்தனை சாட்சிகள் முன்னால். காவலாளியின் மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து கல்லுக்கு நேராக வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை வடிந்தது. இலைகள் சுருண்டன. சாயங்காலம் அங்கே இருந்தது பழைய அப்பளம் மாதிரி ஒரு சாம்பல் கல். உருகிய ஐஸ் வாளியோடு பக்கத்தில் நின்றிருந்த அண்ணை மெதுவாகக் கேட்டார்:

"இப்ப இது பெரும்பாலும் உயிரோடயா, பெரும்பாலும் செத்துப்போச்சா?"

கைதட்டலுக்கு நடுவே

சில்லர் சரியாகி அரங்கு பழையபடி நடுங்க ஆரம்பித்த அன்று நபீல் சார் வந்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிளாஸ்டிக் பாறைக்கான ஆட்கள் அடுத்த வாரம் வருவார்கள் என்றார். நான் தண்ணீர் தெளிப்பானை எடுத்தேன். "சார், ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று சொல்ல வேண்டியதை எப்படியோ ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

தெளித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சுருண்ட விளிம்பு அசைந்தது. தூங்கி எழுந்தவர் கை நீட்டுவதுபோல் இலை ஒன்று மெல்ல விரிந்தது. சாம்பலுக்கு அடியிலிருந்து பச்சை மேலே வந்தது, ஒரு திட்டு, இன்னொரு திட்டு, பிறகு கல் முழுதும். எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்றது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பெங்குவின் பக்கமிருந்து குழந்தைகள் ஓடிவந்தார்கள். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். "இட்ஸ் அலைவ்!" என்று நபீல் சாரே கத்தினார். இத்தனை மாதமாக அந்தக் கல்லை எப்போதும் பச்சையாகவே வைத்து, அது செய்யத் தெரிந்த ஒரே வித்தையை நானே மறைத்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க வரவில்லை. ஈரம் பட்டால் மேல்தோல் கண்ணாடிபோல் ஆகி உள்ளே உள்ள பாசியின் பச்சை தெரியும், அவ்வளவுதான். அண்மையில் செத்த லைக்கனும் இப்படிப் பச்சையாகும். நபீல் சார் என் கையைக் குலுக்கும்போதே சொல்லிவிட்டேன்: பச்சையானது மட்டும் உயிருக்கு ஆதாரம் இல்லை சார், ஒரு ஓரம் பழுப்பாகவே இருக்கிறது, மற்றதையும் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். அவர் கை நின்றது. முகம் மாறியது. சோதித்து முடிவைக் கொண்டு வா, அதற்குப் பிறகு பேசலாம் என்று போய்விட்டார். ரஞ்சன் அண்ணை நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை, அந்த மனுசன் கைதட்டி முடிக்கும் மட்டுமாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமெல்லே?"

அல் ஐன் பயணம்

என்னோடு முதுகலை படித்த நர்மதா அல் ஐனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். இலைமேல் ஒளியைப் பாய்ச்சி, பச்சையம் வேலை செய்கிறதா என்று காட்டும் சிறு கருவி அவளிடம் உண்டு. கல்லிலிருந்து இரண்டு சிறு துண்டுகளை, பச்சையானதில் ஒன்றும் பழுப்பு ஓரத்தில் ஒன்றுமாக, எடுத்துக்கொண்டேன். கீழக்கரை அக்கா கிள்ளிக் கொடுத்த துண்டையும் எடுத்துக்கொண்டேன். அது என் மேசைக்குள்ளேயே காய்ந்து கிடந்தது, பெட்டியின் சூட்டைப் பார்க்காதது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்லது கிடைக்காது. பஸ்ஸில் வழியெல்லாம் அந்த டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மணல், பிறகு மணல், பிறகு திடீரென்று பேரீச்ச மரங்கள்.

மூன்றையும் நனைத்து, கறுப்புத் துணி போட்டு மூடி, காத்திருந்தோம். நர்மதா தேநீர் போட்டாள். நான் குடிக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்தாள். பழுப்புத் துண்டு பதில் சொல்லவில்லை, அது போய்விட்டது. அக்காவின் துண்டு உயிரோடு இருந்தது. கடைசியாகச் சூட்டில் கிடந்த பச்சைத் துண்டு. எண்ணைப் பார்க்கப் பயந்து நான் சுவரைப் பார்த்தேன். நர்மதா என் தலையைப் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பினாள். கிட்டத்தட்ட அதே எண்.

"இது நல்லாத்தான்டி இருக்கு. உன்னைத்தான் இப்பக் கருவிக்குள்ள வெச்சுப் பாக்கணும்."

வென்ற பிறகு

முடிவை நபீல் சாரிடம் கொடுத்தேன். கல்லின் பழுப்பு ஓரம் இறந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் இரண்டு முறை படித்தார். பிளாஸ்டிக் பாறைக்காரர்களுக்குப் போன் போட்டு, அரபியில் பேசியதில் "கலாஸ்", அதாவது முடிந்தது, என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு, கல் இருக்கட்டும், நீயும் இரு, ஆனால் மணிக்கொரு முறை கல்லைத் தூங்கவைத்து எழுப்ப வேண்டும் என்றார்.

"முடியாது சார். நன்றாக நனையவும் நன்றாகக் காயவும் அதற்கு நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறை போதும், அதுவும் பெரும்பாலும்…" அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். நாற்காலியில் சாய்ந்தார். சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா என்று தெரியாத அந்தச் சில நொடிகளில் ரோலா அறை, இரண்டு பஸ், அப்பா கொடுத்த மைசூர்பாகு எல்லாம் கண்முன் வந்து போயின.

"சரி, ஒரு முறை. ஆனால் அந்தச் செத்த ஓரத்தையும் நீயே எல்லோருக்கும் காட்டிவிடுவாய், இல்லையா?"

தினமும் காட்டுகிறேன், வேலையும் இருக்கிறது; ஆகவே என்னோடு நின்று கால் வலிப்பவர்களே, உண்மையைச் சொன்னதற்காக யாருக்கும் வேலை போய்விடாது, பெரும்பாலும்.